மூளையில் ஒரு புடைப்பு: எதற்கு ஓட வேண்டும், எதற்கு நிதானிக்க வேண்டும்

மூளை அனியூரிசம் என்று கேட்டதும் எல்லோரும் ஒரே மாதிரிதான் பயப்படுகிறார்கள். ஆனால் இதில் இரண்டு தனித்தனி சங்கதிகள் இருக்கின்றன. உடைந்த அனியூரிசம் ஒன்று, உடையாமல் சும்மா இருக்கும் அனியூரிசம் இன்னொன்று. முதலாவதில் ஒரு மணி நேரம்கூட வீணாகக் கூடாது. இரண்டாவதில் பெரும்பாலும் ஒரு மாதம் யோசித்து, நாலு பேரைக் கேட்டு முடிவெடுத்தாலும் குடிமுழுகிப் போகாது. நம் ஊரில் நடப்பது நேர் எதிர். மண்டை பிளக்கிற வலிக்குத் தைலம் தேய்த்துப் படுக்கவைத்துவிடுகிறோம், தற்செயலாக ஸ்கேனில் தெரிந்த நாலு மில்லிமீட்டர் புடைப்புக்கு நகையை அடகு வைத்து ராத்திரியோடு ராத்திரியாக ஆபரேஷனுக்கு ஓடுகிறோம். எங்கள் குடும்பத்தில் இரண்டும் வந்தது. சித்திக்கு உடைந்தது, அம்மாவுக்கு உடையாமல் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் பார்த்ததையும் படித்ததையும் டாக்டர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டதையும் எழுதிவைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இது இருந்தால், அவர்களுடைய படத்தைப் பார்த்த டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். கழுத்து வழியாக மேலே ஏறும் நான்கு பெரிய தமனிகள் மூளையின் அடியில் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாகி, அங்கிருந்து கிளை கிளையாகப் பிரிகின்றன. கிளை பிரியும் கவட்டில் ரத்தம் வந்து மோதிக்கொண்டே இருக்கும். சிலருக்கு அந்த இடத்துச் சுவர் மெலிந்துபோய், பழைய சைக்கிள் ட்யூபில் காற்றடிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் புடைத்துக்கொண்டு நிற்குமே, அப்படி ஒரு சின்னப் பையாகத் துருத்திக்கொள்ளும். அதுதான் அனியூரிசம். இது கட்டியும் இல்லை, புற்றுநோயும் இல்லை. (அம்மாவின் ரிப்போர்ட் வந்த அன்று சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கட்டி என்றே பேசிக்கொண்டிருந்தார்கள்.) பெரியவர்கள் நூறு பேரை எடுத்தால் ஏறக்குறைய மூன்று பேருக்கு இது இருக்கும். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இது இருப்பதே தெரியாது, வயதாகி வேறு ஏதோ காரணத்தில்தான் போய்ச் சேருவார்கள். எல்லா அளவையும் சேர்த்துப் பார்த்தால் உடைவது ஆண்டுக்கு நூற்றில் ஒன்று என்ற அளவில்தான்.

ஆனால் அந்த ஒன்று உடைந்தால் நிலைமை வேறு. ரத்தம் மூளையைச் சுற்றியுள்ள இடைவெளியில் பீய்ச்சி அடிக்கும். மருத்துவமனைக்கு வந்து சேரும் முன்பே பத்தில் ஒருவருக்கு மேல் இறந்துவிடுகிறார்கள். ஒரு மாதத்துக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் போய்விடுகிறார். பிழைத்தவர்களிலும் பலர் பழைய ஆளாகத் திரும்புவதில்லை. சராசரி வயது ஐம்பதுகளின் நடுப்பகுதி, அதாவது வீட்டை இன்னும் தாங்கிக்கொண்டிருக்கும் வயது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது.

சித்திக்கு அப்போது ஐம்பத்திரண்டு. தென்காசிப் பக்கம் ஒரு கிராமம். சாயங்காலம் கொல்லையில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தவர், பின்மண்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இப்படி ஒரு வலி என் ஆயுசுல வந்ததில்ல" என்று சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்புறம் வாந்தி. அக்கம்பக்கத்தில் பித்தம் என்றார்கள். பக்கத்து ஊர் கிளினிக்கில் பி.பி. ஏறியிருக்கிறது, கேஸ்தான் என்று ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்த பிறகுதான் 108-ஐக் கூப்பிட்டார்கள். திருநெல்வேலியில் எடுத்த சி.டி. ஸ்கேனில், மூளையின் அடியில் வழக்கமாகக் கருப்பாகத் தெரிய வேண்டிய இடைவெளி முழுக்க வெள்ளையாக நட்சத்திர வடிவில் தெரிந்தது. அந்த வெள்ளை எல்லாம் ரத்தம். அங்கிருந்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த வலியை நான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பதிவில் எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. சாதாரணத் தலைவலி மெல்ல மெல்ல ஏறும். ஒற்றைத் தலைவலிகூட ஏறுவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும். அனியூரிசம் உடைந்தால் வரும் வலி சில நொடிகளில், அதிகம் போனால் ஒரு நிமிடத்துக்குள், உச்சத்துக்குப் போய்விடும். எந்த வேலை செய்துகொண்டிருந்தபோது, எந்த நொடியில் வந்தது என்று நோயாளி கையைக் காட்டிச் சொல்லிவிடுவார். கூடவே வாந்தி, கழுத்தைக் குனிய முடியாத விறைப்பு, வெளிச்சத்தைப் பார்த்தால் கூச்சம், மயக்கம், சிலருக்கு வலிப்பு. இப்படி ஒரு வலி வந்தால், கொஞ்ச நேரத்தில் குறைந்துவிட்டாலும் சரி, சி.டி. ஸ்கேன் வசதி உள்ள இடத்துக்கு நேராகப் போய்விட வேண்டும். குறைந்துவிட்டது என்பது ஆறுதல் இல்லை, ஏனென்றால் சிலருக்குப் பெரிய உடைப்புக்குச் சில நாட்களுக்கு முன்பு இப்படி ஒரு சின்னக் கசிவு வலி வந்து போகும். வலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் நல்ல கருவியில் சி.டி. எடுத்தால் ரத்தம் இருப்பது அநேகமாகத் தப்பாது. நேரம் போகப் போக ரத்தம் கரைந்து, படத்தில் தெரிவது குறையும். அப்போது முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த ஊசிக்குப் பயந்து எழுந்து போய்விடாதீர்கள்.

இன்னொரு அறிகுறியும் உண்டு, அது பலருக்குத் தெரியாது. சித்திக்கு உடைந்த இடம், உள் கழுத்துத் தமனியிலிருந்து பின்பக்கம் இணைக்கும் கிளை புறப்படும் இடம். அதன் பக்கத்திலேயே கண்ணை அசைக்கும் மூன்றாவது நரம்பு போகிறது. புடைப்பு பெரிதாகி அந்த நரம்பை அழுத்தினால் ஒரு பக்க இமை தொங்கும், கருவிழிப் பாவை பெரிதாகும், பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரியும். சித்திக்கு உடைவதற்குச் சில நாள் முன்பு நடந்த எங்கள் வீட்டு வளைகாப்பு போட்டோ ஒன்று இருக்கிறது. சித்தி வளையல் தட்டோடு நிற்கிறார், இடது இமை பாதிக் கண்ணை மூடியிருக்கிறது. தூக்கம் கெட்டதால் என்று எல்லோரும் நினைத்தோம், அவரும் அப்படித்தான் நினைத்தார். திடீரென்று ஒரு பக்க இமை தொங்கி, பாவையும் விரிந்திருந்தால் அது கண் டாக்டரோடு முடிகிற விஷயம் இல்லை, அன்றைக்கே மூளை ரத்தக்குழாய்களைப் பார்த்தாக வேண்டும்.

உடைந்தவர் உயிரோடு மருத்துவமனை சேர்ந்துவிட்டால் முதல் பயம் மறுபடி உடைவது. ஒட்டிக்கொண்டிருக்கும் ரத்தக்கட்டிதான் அந்த ஓட்டையை அடைத்து வைத்திருக்கிறது. முதல் 24 மணி நேரத்தில்தான் அது பிய்த்துக்கொள்ளும் ஆபத்து அதிகம், இரண்டாவது முறை உடைந்தால் பிழைப்பது அரிது. அதனால்தான் முடிந்தவரை சீக்கிரம், ஒரு நாளுக்குள், அதை அடைக்கப் பார்க்கிறார்கள்.

அடைக்க இரண்டு வழி. ஒன்று மண்டை ஓட்டைத் திறந்து, மைக்ராஸ்கோப் வைத்து, புடைப்பின் கழுத்தில், அதாவது அது தமனியோடு ஒட்டும் இடத்தில், ஒரு சின்ன உலோக கிளிப்பைப் போடுவது. 1937 மார்ச் 23 அன்று அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டாண்டி என்ற அறுவை நிபுணர் முதன்முதலில் இப்படிச் செய்தார், ஒரு வெள்ளி கிளிப்பை வைத்து. அந்த நோயாளிக்கும் சித்திக்கு இருந்த அதே இடத்தில்தான் அனியூரிசம், அதே மூன்றாவது நரம்புதான் செயலிழந்திருந்தது. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்னொன்று தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை மூளைவரை கொண்டுபோய், பிளாட்டினக் கம்பிச் சுருளை அந்தப் பைக்குள் அடைத்துவிடுவது. இதைத்தான் காயில் போடுவது என்கிறார்கள். தேவையான இடத்தில் விட்டுவிட்டுக் குழாயை வெளியே எடுக்கக்கூடிய சுருளை 1990-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தவர் இத்தாலிய டாக்டர் கைடோ குலியெல்மி.

எது நல்லது என்று கேட்டால் ஒற்றை வரியில் பதில் இல்லை. இரண்டுக்கும் பொருத்தமான, உடைந்த அனியூரிசம் உள்ள 2143 பேரை வைத்து நடந்த ஒரு சர்வதேச ஆய்வு 2002-இல் வெளியானது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இறந்தவர்களும் பிறர் உதவியில்லாமல் வாழ முடியாதவர்களுமாக காயில் போட்டவர்களில் நூற்றுக்கு 24 பேர், கிளிப் போட்டவர்களில் 31 பேர். அதன் பிறகுதான் உலகெங்கும் காயில் பக்கம் சாய்ந்தார்கள். ஆனால் காயில் போட்டதில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று கொஞ்சம் மீண்டும் திறந்துகொள்ளும், பத்தில் ஒருவருக்கு இன்னொரு முறை சிகிச்சை தேவைப்படும், அதனால் வருடக்கணக்கில் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கிளிப் ஒழுங்காக விழுந்துவிட்டால் அநேகமாக அதோடு முடிந்தது. கழுத்து அகலமான புடைப்பு, கிளை பிரியும் இடத்தில் சிக்கலாக இருப்பது, இதற்கெல்லாம் கிளிப்தான் சரி என்று சொல்லும் டாக்டர்கள் இருக்கிறார்கள். மூளைத்தண்டின் முன்னால் ஆழத்தில் இருப்பதற்கு காயில் என்பார்கள். இரண்டையும் செய்கிறவர்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடமாகப் பார்த்துப் போவது நல்லது என்பது என் எண்ணம். ஒன்று மட்டும் செய்யத் தெரிந்த இடத்தில் அந்த ஒன்றைத்தான் சொல்வார்கள்.

சித்திக்கு காயில் போட்டார்கள். நல்லபடியாக முடிந்தது என்று வெளியே வந்து சொன்னதும் சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார். நாங்கள் எல்லோரும் எல்லாம் சரியாகிவிட்டது என்றே நம்பினோம். இன்னும் இரண்டு வாரக் கண்டம் இருக்கிறது என்பதை அந்த டாக்டர்தான் உட்காரவைத்துச் சொன்னார். வெளியே சிந்திய ரத்தம் கரையும்போது சுற்றியுள்ள தமனிகளை எரிச்சலூட்டி இறுக வைக்கும். நான்காம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை இதற்கான காலம். இறுகினால் மூளைக்கு ரத்தம் போகாமல் பக்கவாதம் வரும். ஆபரேஷன் வெற்றி, ஆனால் ஒரு வாரம் கழித்து கை கால் விழுந்துவிட்டது என்று கேள்விப்படுகிறோம் அல்லவா, பல நேரம் அதற்குக் காரணம் இதுதான், டாக்டரின் கை பிசகியதால் என்று சண்டை போடக் கிளம்பும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைத் தடுக்க நிமோடிபின் என்று ஒரு மாத்திரை, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, 21 நாள், ராத்திரி இரண்டு மணிக்கும் எழுப்பிக் கொடுக்க வேண்டும். வார்டுக்கு மாற்றிய பிறகு சித்தப்பா போனில் அலாரம் வைத்து உட்கார்ந்திருப்பார்.

ஐ.சி.யூ.வில் மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து பெயர் என்ன, இது எந்த இடம், என்ன மாசம் என்று கேட்பார். பதில் மாறுகிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள், தமனி இறுகுவதற்கு அதுவே முதல் தடயம். மாசம் என்ன என்றதற்கு சித்தி "பங்குனி" என்றிருக்கிறார். கேரளத்திலிருந்து வந்த நர்ஸ் பிள்ளை குழப்பம் என்று குறித்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டுவிட்டது. சித்தப்பா உள்ளே போய், "ஏம்மா, பங்குனிதானே நடக்குது, அவ சரியாத்தான் சொல்றா" என்ற பிறகு குறிப்பைத் திருத்தினார்கள். அந்தப் பிள்ளை அவ்வளவு கவனமாக இருந்ததற்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். நாங்களும் அதிலிருந்து ஒன்று கற்றோம்: நோயாளி வழக்கமாக எப்படிப் பேசுவார், எந்தக் கையால் எழுதுவார், எந்தக் காது மந்தம் என்பதை எல்லாம் வீட்டு ஆட்கள் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

சித்தி பிழைத்தார். கை கால் எல்லாம் நன்றாக இருக்கிறது. பார்க்கிறவர்கள் "ஒண்ணுமே ஆகாத மாதிரி இருக்கீங்களே" என்பார்கள். ஆனால் ரேஷன் கடைக்குப் போய்விட்டு எதற்கு வந்தோம் என்று நிற்பார், ஒரு கல்யாண வீட்டுச் சத்தத்தில் அரை மணி இருந்தால் மறுநாள் முழுக்கப் படுக்கை, முன்பு இல்லாத கோபம். இந்த அசதியும் மறதியும் உடைந்து பிழைத்தவர்களிடம் மிகச் சாதாரணம் என்று யாரும் எங்களுக்கு டிஸ்சார்ஜ் அன்று சொல்லவில்லை. சோம்பேறித்தனம் என்று அவர் மாமியார் சொன்னதைக் கேட்டு அவர் அழுதிருக்கிறார். இதைச் சொல்வதற்கு ஒரு தாளில் நாலு வரி போதுமே.

இப்போது அம்மா கதை. அம்மாவுக்கு அறுபத்துநாலு, பி.பி. உண்டு. தலைசுற்றலுக்காக எடுத்த எம்.ஆர்.ஐ.யில், தலைசுற்றலுக்குச் சம்பந்தமே இல்லாமல், இடது நடுத்தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் 4 மில்லிமீட்டரில் ஒரு புடைப்பு. தங்கைக்கு ஏற்கெனவே உடைந்திருக்கிறது என்பதால் வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. முதலில் போன மருத்துவமனையில் (பெயர் வேண்டாம்) படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது டைம் பாம், இந்த வாரமே பண்ணிடலாம்" என்றார்கள். அட்மிஷன் பாரம் அடுத்த அறையில் தயாராக இருந்தது. அளவு என்ன, உடையும் வாய்ப்பு எவ்வளவு, சிகிச்சையில் என்ன ஆபத்து என்று ஒரு எண்கூட வாயில் வரவில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இது. பயந்து போய் உட்கார்ந்திருக்கும் குடும்பத்திடம் அந்தச் சொல்லைச் சொன்னால் அவர்கள் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வார்கள்?

இன்னொரு ஊரில் இன்னொரு நியூரோ சர்ஜனிடம் போனோம். அவர் அம்மாவை உட்காரவைத்து முக்கால் மணி நேரம் பேசினார். அவர் சொன்னதின் சாரம் இதுதான். உடையாத அனியூரிசத்தில் இரண்டு ஆபத்துகளை எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். உடையும் ஆபத்து ஆண்டுகளில் பரவிக் கிடக்கிறது, சிகிச்சையின் ஆபத்து முழுவதும் அந்த ஒரு நாளில் வந்து நிற்கிறது. சிகிச்சை சும்மா ஊசி போடுவது இல்லை. 2019-இல் நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிச் செய்த ஒரு அலசலில், உடையாத அனியூரிசத்துக்குக் குழாய் வழிச் சிகிச்சை செய்தவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கும், திறந்து செய்தவர்களில் 8 பேருக்கும் ஏதாவது ஒரு பாதிப்பு வந்திருக்கிறது. இறப்பு இரண்டிலும் ஆயிரத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று பேர்வரை. நல்லபடி நடந்து வந்தவர் பேச்சு குழறி வெளியே போவதும் அந்த 5-க்குள்ளும் 8-க்குள்ளும்தான் இருக்கிறது. ஸ்டென்ட் மாதிரியான வலைக்குழாய் வைத்தால் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையும் பல மாதம் தின்ன வேண்டும், அதற்கென்று தனி ரத்தப்போக்கு ஆபத்து.

எதிர்ப்பக்கம், உடையும் ஆபத்து அளவையும் இடத்தையும் பொறுத்தது. ஜப்பானில் 5720 பேரைத் தொடர்ந்து கவனித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 3 முதல் 4 மி.மீ. வரை உள்ளவை ஆண்டுக்கு நூற்றுக்கு 0.36 என்ற அளவில் உடைந்தன. 7 முதல் 9 மி.மீ. என்றால் 1.69. 10 முதல் 24 வரை 4.37. 25 மி.மீ. தாண்டிய ராட்சதப் புடைப்புகளில் மூன்றில் ஒன்று ஒரே ஆண்டில் உடைந்தது. அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் மையமாக வைத்து 2003-இல் வந்த ஆய்விலும், மூளையின் பின்பக்கத் தமனிகளில் இருப்பவையும் சித்திக்கு இருந்த இடத்தில் இருப்பவையும் அதே அளவுள்ள முன்பக்கத்தவற்றைவிட அதிகமாக உடைந்தன. ஒழுங்கற்ற வடிவம், புடைப்பின்மேல் இன்னொரு குட்டிப் புடைப்பு, இவையும் கெட்ட அடையாளம்.

அப்படியானால் சின்னது உடையாதா என்றால், உடையும். மருத்துவமனைக்கு உடைந்து வருபவற்றில் பல 7 மி.மீ.க்குக் கீழே இருப்பவைதான். இது முதலில் எனக்குக் குழப்பமாக இருந்தது. ஊரில் சின்னப் புடைப்புகள் எண்ணிக்கையில் மிக மிக அதிகம், அதனால் ஒவ்வொன்றும் உடையும் வாய்ப்பு மிகக் குறைவாக இருந்தும் மொத்தத்தில் உடைந்தவற்றில் அவை நிறைய வந்துவிடுகின்றன. இதை வைத்துத்தான் "சின்னதும் உடைகிறது, அதனால் எல்லாவற்றையும் செய்துவிடு" என்கிறார்கள். அம்மாவுடையது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றின் வாய்ப்புதான் எங்களுக்கு முக்கியம்.

அந்த டாக்டர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். பேசஸ் ஸ்கோர் என்பார்கள், 2014-இல் வந்தது. எந்த நாட்டவர், ரத்த அழுத்தம் உண்டா, எழுபது வயது ஆகிவிட்டதா, அளவு, முன்பு ஒன்று உடைந்திருக்கிறதா, எந்த இடம் என்று ஆறு கேள்வி. அம்மாவுக்கு ரத்த அழுத்தத்துக்கு 1, நடுத்தமனிக்கு 2, ஆக 3. ஐந்தாண்டில் உடையும் வாய்ப்பு நூற்றுக்கு 0.7. அதோடு அவரே இரண்டு எச்சரிக்கை சொன்னார், அதனால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. ஒன்று, அந்தக் கணக்கு அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் நோயாளிகளை வைத்துப் போட்டது, நம் ஆட்கள் அதில் இல்லை. (நம் நாட்டில் இந்த நோயே அரிது என்றுகூட முந்தைய தலைமுறை டாக்டர்களிடம் ஒரு எண்ணம் இருந்தது. ஸ்கேன் பரவிய பிறகுதான் அது மாறியது.) இரண்டு, கூடப் பிறந்தவருக்கு உடைந்திருப்பது அந்த ஆறு கேள்விகளில் இல்லை, அதைத் தனியாகச் சேர்த்து யோசிக்க வேண்டும். அதை எல்லாம் சேர்த்துப் பார்த்தும், சிகிச்சையின் ஆபத்து இப்போதைக்குப் பெரிதாக இருக்கிறது, கண்காணிக்கலாம் என்றார். இதே புடைப்பு முப்பத்தைந்து வயதுக்காரருக்கு இருந்தால் முன்னால் இருக்கும் ஆண்டுகள் அதிகம், கணக்கு மாறும் என்றும் சொன்னார்.

கண்காணிப்பது என்பது தப்பாமல் காப்பாற்றும் வழி என்று சொல்ல மாட்டேன். ஆங்கில நடிகை எமிலியா கிளார்க்கின் கதை இதில் இரண்டு பக்கத்தையும் காட்டும். 2011 பிப்ரவரியில், 24 வயதில், லண்டனில் ஒரு ஜிம்மில் அவருக்கு முதல் அனியூரிசம் உடைந்தது. காயில் வைத்தார்கள். இரண்டு வாரம் போலக் கழித்துத் தன் பெயரைக்கூடச் சொல்ல வராமல் பேச்சு நின்று, பிறகு திரும்பியது. மூளையின் மறுபக்கம் சின்னதாக இன்னொன்று இருந்தது, அதைக் கவனித்துக்கொண்டு வரலாம் என்றார்கள். 2013-இல் நியூயார்க்கில் எடுத்த ஸ்கேனில் அது இரு மடங்காகியிருந்தது. சுலபமாக முடியும் என்று செய்த குழாய் வழிச் சிகிச்சை தோற்றுப் பெரிய ரத்தப்போக்காகி, உடனே மண்டை ஓட்டைத் திறக்க வேண்டிவந்தது. வளர்ந்ததைக் கண்டுபிடித்தது தொடர்ந்து எடுத்த ஸ்கேன், உயிருக்கே ஆபத்தானது சிகிச்சை. பல ஆண்டுகள் வெளியே சொல்லாமல் இருந்து 2019-இல் அவரே எழுதினார்.

ஜோ பைடனுக்கும் இப்படித்தான் இரண்டு. 1988 பிப்ரவரியில், அவர் செனட்டராக இருந்தபோது ஒன்று உடைந்தது. வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் திறந்து கிளிப் போட்டார்கள், உடையாமல் இருந்த இன்னொன்றை அதே ஆண்டு மே மாதம் தனியாகச் செய்தார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் கழித்து அவர் அதிபரானார். ஒரு முறை உடைந்தவருக்கு இன்னொன்று இருந்தால் அதன் கணக்கே வேறு, அதை விட்டுவைப்பது குறைவு.

அம்மா முடிவை அம்மாதான் எடுத்தார். "அப்ப எனக்கு ஒண்ணும் பண்ண வேணாமா சார்?" என்றார். "பண்ண வேண்டியது நிறைய இருக்கும்மா. பி.பி. மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது. ஆறு மாசத்துல ஒரு படம், அப்புறம் வருஷா வருஷம். வளர்ந்துச்சுன்னா அன்னைக்குப் பேசுவோம்" என்றார் டாக்டர். அந்தப் படம் எம்.ஆர். ஆஞ்சியோ (எம்.ஆர்.ஐ. கருவியிலேயே ரத்தக்குழாய்களைப் படம் எடுப்பது), ஊசி மருந்துகூட இல்லாமல் எடுக்கலாம். ஒவ்வொரு முறையும் பழைய படத்தையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும், ரிப்போர்ட்டில் அளவு மட்டும் பார்த்தால் போதாது, ஒரே ஆள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அம்மா எல்லா ஃபிலிமையும் ஜவுளிக்கடைப் பையில் போட்டு பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறார்.

தும்மலாமா, குடம் தூக்கலாமா, பஸ்ஸில் போகலாமா என்று அம்மா நிறைய கேட்டார். நெதர்லாந்தில் 2011-இல், உடைந்தவர்களிடம் அதற்குச் சற்று முன்பு என்ன செய்தீர்கள் என்று கேட்டு ஒரு ஆய்வு செய்தார்கள். காபி, கோலா, மூக்கைச் சிந்துவது, முக்குவது, கோபம், திடுக்கிடுவது, கடும் உடற்பயிற்சி, தாம்பத்தியம் என்று எட்டு விஷயங்கள் வந்தன. எல்லாம் சில நிமிடங்களுக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றுபவை. இதையெல்லாம் விட்டுவிட்டு மனிதர் வாழ முடியாது. டாக்டர் சொன்னது மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்வது, உப்பைக் குறைப்பது, தினமும் நடப்பது. அம்மா ஊறுகாயை விட்டுவிட்டார், காபியை விடவில்லை, இரண்டு வேளை குடிக்கிறார், நாங்களும் கேட்பதில்லை. சிகிச்சையே வேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள் கேட்க வேண்டியது இவை: என் புடைப்பின் அளவு என்ன, எந்த இடம், ஐந்தாண்டில் உடையும் வாய்ப்பு எவ்வளவு, நீங்கள் ஆண்டுக்கு இப்படி எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், அதில் எத்தனை பேருக்குப் பாதிப்பு வந்தது. கடைசிக் கேள்விக்குக் கோபப்படும் டாக்டரிடமிருந்து நன்றி சொல்லி எழுந்து வந்துவிடலாம். பணத்தைப் பற்றியும் தயங்காமல் கேளுங்கள், காயில் எத்தனை உள்ளே போகிறதோ அத்தனைக்கும் விலை உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் அட்மிஷனுக்கு முன்பே அந்த கவுன்டரில் விசாரித்துவிடுங்கள்.

எங்களுக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று நானும் தம்பியும் கேட்டோம். குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் இருந்தால் எல்லோருக்கும் எடுக்கச் சொல்வதில்லை, நெருங்கிய உறவில் இரண்டு பேருக்கு இருந்தால் எடுத்துப் பார்ப்பது நியாயம் என்றார். சிறுநீரகத்தில் நிறைய நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய் உள்ளவர்களுக்கும் இது அதிகம், ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு. எடுப்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள், சின்னதாக ஒன்று தெரிந்தால் அதைத் தெரிந்துகொண்டே வாழ வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். நாங்கள் எடுத்தோம். இரண்டு பேருக்கும் எதுவும் இல்லை. ஆனால் இன்று இல்லை என்பது என்றைக்கும் வராது என்பதற்கு உத்தரவாதம் இல்லையாம், ஐந்தாறு ஆண்டு கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொல்லியிருக்கிறார். புகைப்பதும் ரத்த அழுத்தமும்தான் நம் கையில் இருக்கும் இரண்டு காரணங்கள் என்று தம்பியைப் பார்த்துச் சொன்னார். அவன் அன்றிலிருந்து சிகரெட்டைத் தொடவில்லை.